கியூ ஃபைலுக்குப் பிள்ளையார் சுழி

அன்றைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. ஒரு கேம் டிஸ்க்கை நகல் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. கோயமுத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் டிஸ்பாட்ச் செக்‌ஷனில் இருந்தேன். எந்த லாரியில் எத்தனை மோட்டார் ஏறியது என்று கம்ப்யூட்டரில் தட்டுவேன். தட்டி முடித்து என்டர் அடித்தால் பில் வரும். பில் வராவிட்டால் மெயின்டனன்ஸ் ஆளைக் கூப்பிடுவேன். என் கம்ப்யூட்டர் அறிவு அங்கே ஆரம்பித்து அங்கேயே முடிந்துவிடும்.

ஆனால் எனக்குப் பெண் தேடிய தரகர் போகிற வீட்டிலெல்லாம் "மாப்பிள்ளை கம்ப்யூட்டருங்க" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டரில் வேலை என்றுகூடச் சொல்லவில்லை. நானே கம்ப்யூட்டர் என்கிற மாதிரி. அந்தக் காலத்தில் அதற்கு மேல் யாரும் விசாரிக்க மாட்டார்கள். நானும் திருத்தப் போகவில்லை.

அப்படி அமைந்ததுதான் காரமடை சம்பந்தம்.

பெண் பெயர் சுமதி. அப்பா மயில்சாமி, வாழையும் பாக்கும் வைத்திருப்பவர். பார்த்தவுடனே எனக்குப் பிடித்துவிட்டது. பெண்ணைத்தான். எந்த அளவுக்கு என்றால், உறுதி வார்த்தை பேசி நிச்சயம் செய்வதற்கு முன்பே நான் மயில்சாமியை "மாமா" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தேன். அவர் ஜாக்கிரதையாக "தம்பி"யிலேயே நின்றார்.

மயில்சாமியின் மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை. அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று, டிவியில் மாட்டி விளையாடும் கேம் பெட்டி ஒன்றை அனுப்பியிருந்தான். கூட ஒரே ஒரு கார் ரேஸ் டிஸ்க். பெட்டியை ஒரு மாதம் யாரும் தொடவில்லை. ஒரு நாள் மழைக்கு வீட்டிலேயே உட்கார்ந்திருந்த மயில்சாமி அதை எடுத்து மாட்டிப் பார்த்திருக்கிறார். அதன் பிறகு சாயங்காலம் ஐந்து மணியானால் அவரைத் தோட்டத்தில் பார்க்க முடியாது. பக்கத்துத் தோட்டத்து ராசுவும் துண்டை உதறிக்கொண்டு வந்துவிடுவார். இரண்டு பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, உடம்பை இடப்பக்கமும் வலப்பக்கமும் சாய்த்துச் சாய்த்து ஓட்டுவார்கள்.

பிறகு ஆயுத பூஜை வந்தது.

மயில்சாமி மோட்டாருக்குப் பொட்டு வைத்தார். மருந்தடிக்கிற மெஷினுக்கு வைத்தார். மொபெட்டுக்கு வைத்தார். கேம் பெட்டிக்கும் வைத்தார். அதோடு நின்றிருக்கலாம். டிஸ்க்குக்கும் வைத்தார். படம் போட்ட பக்கம் வைத்தால் படம் கெட்டுப்போகும் என்று யோசித்து, அடிப்பக்கமாகப் பார்த்து நல்ல கெட்டிச் சந்தனமாக வைத்தார். மறுநாள் டிஸ்க் ஓடவில்லை என்றதும் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவியிருக்கிறார்.

அதன் பிறகு ஓடியது. ஆனால் மூன்றாவது ரேஸில், வளைவில் திரும்புகிற கார் அப்படியே அந்தரத்தில் நின்றுவிடும். தட்டினால் கொஞ்சம் போகும்.

பெண் பார்க்கப் போன அன்று, பலகாரம் சாப்பிட்டு முடித்ததும் மயில்சாமி உள்ளே போய் அந்த டிஸ்க்கை எடுத்துவந்து என் கையில் வைத்தார்.

"தம்பி, உங்களுக்குத் தெரியாததுங்களா. இதைய ஒரு நகல் எடுத்துக் குடுத்துப்போடுங்க. அப்பறம் ஒரு நல்ல நாள் பாத்து மத்ததப் பேசிக்கலாமுங்க."

இது நுழைவுத் தேர்வு என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. "அஞ்சு நிமிச வேலைங்க மாமா" என்றேன்.

அதுவரை வாயே திறக்காத சுமதி அப்போதுதான் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

"எந்த ஃபார்மேட்ல எடுப்பீங்க?"

நான் யோசிக்கவே இல்லை. "நல்ல ஃபார்மேட்லதானுங்க" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன். அவள் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துவிட்டு மேட்டுப்பாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சராக இருக்கிறாள் என்பதைத் தரகர் திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் சொன்னார்.

நகல் எடுக்க ஆர்.எஸ்.புரத்தில் ஜபார் பாயிடம் போனேன். ஒரு சந்துக்குள் அவருடைய டி.டி.பி. கடை. கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அங்கே தயாராகும். எங்கள் கம்பெனி லெட்டர்பேடும் அவர் கைங்கரியம்தான். சுற்றுவட்டாரத்தில் சிடி எழுதுகிற மெஷின் வைத்திருந்தவர் அவர் ஒருவரே. அதற்கு வெல்வெட்டில் உறை தைத்துப் போட்டிருந்தார்.

பாயிடம் ஒரு குணம். எதைக் கேட்டாலும் முடியாது என்று சொல்ல மாட்டார். மனம் நோகும்படி ஒரு சொல் வராது. அச்சுப்பிழையைக்கூட "இது இப்படித்தானுங்களா, இல்ல எனக்குத்தான் அப்படித் தெரியுதுங்களா" என்றுதான் கேட்பார்.

டிஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தேங்காய் நார்க் கோடுகளின் மேல் விரலை ஓட்டினார்.

"பண்ணிப்போடலாமுங்க சார். ஐ.எஸ்.ஓ.வுங்களா, பின்-கியூவுங்களா?"

டிபன் கடையில் சாதாவா, நெய் ரோஸ்ட்டா என்று கேட்கிற மாதிரி கேட்டார். எனக்கு இரண்டும் தெரியாது. அதைச் சொல்லிவிட்டு, நீங்களே பார்த்துப் போடுங்கள் என்றிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

ஆனால் அந்த மாதம்தான் எங்கள் கம்பெனிக்கு ஐ.எஸ்.ஓ. சர்டிபிகேட் வந்திருந்தது. கேட்டில் பேனர், கேன்டீனில் எல்லோருக்கும் லட்டு. ஆபீசில் பீரோ, நாற்காலி, தண்ணீர்க் குடம் வரை நம்பர் ஒட்டியாகிவிட்டது. ஊரில் ஃபவுண்டரிக்காரர் முதல் மாவு மெஷின்காரர் வரை அந்த மூன்றெழுத்துக்கு அலைந்துகொண்டிருந்த நேரம். ஐ.எஸ்.ஓ. என்றால் தரம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

"ஐ.எஸ்.ஓ.வே போடுங்க பாய். தரமா இருக்கட்டும்" என்றேன்.

பாய் என்னை ஒரு நொடி பார்த்தார். "சரிங்க சார்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை புது டிஸ்க்கை எடுத்துக்கொண்டு காரமடை போனேன். சிங்கப்பூர் மகன் பெட்டிக்குள் ஏதோ சில்லு போட்டு அனுப்பியிருந்ததால் நகல் டிஸ்க்கையும் அது வாங்கிக்கொள்ளும். மயில்சாமி பயபக்தியோடு மாட்டினார். ராசு பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கார் கிளம்பியது. எஞ்சின் உறுமியது. டயர் கிறீச்சிட்டது. மூன்றாவது ரேஸ், அந்த வளைவு, நிற்காமல் திரும்பியது. நான் சுமதி எங்கே நிற்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலாவது ரேஸின் நடுவில் ராசு மெதுவாக ஆரம்பித்தார்.

"ஏனுங்க மயில்சாமி, பாட்டு ஒண்ணு வருமல்லங்க? இது எழவு ஊட்டுக்குக் கார் எடுத்துட்டுப் போறாப்பல இருக்குதுங்களே."

அப்போதுதான் கவனித்தேன். ஒரிஜினலில் ரேஸ் தொடங்கியதும் பின்னால் தடதடவென்று ஒரு பாட்டு வரும். நகலில் அது இல்லை. ஐந்து பாட்டில் ஒன்றுகூட இல்லை.

தெரியாத விஷயத்தைப் பற்றி நீளமாகப் பேசுவதில் எனக்கு அப்போது நல்ல பழக்கம் உண்டு. அது பாட்டு இல்லை, பழைய டிஸ்க்கில் இருந்த இரைச்சல், நகல் எடுக்கும்போது எல்லாவற்றையும் சுத்தம் செய்துதான் எடுப்போம், இப்போது வெளிநாட்டில் இப்படித்தான் விளையாடுகிறார்கள் என்று ஒரு ஐந்து நிமிடம் விளக்கினேன். எங்கள் கம்பெனி சர்டிபிகேட்டையும் நடுவில் கொண்டுவந்தேன்.

மயில்சாமி முழுக்கக் கேட்டார். "அப்படீங்களா தம்பி. நெம்ப சந்தோசமுங்க" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துவிட்டு, "அந்த இரைச்சலையும் திருப்பிப் போட்டுக் குடுத்துப்போடுங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை உறுதி வார்த்தைக்குச் சேலை எடுக்க மகளோடு ஆர்.எஸ்.புரம் வருவதாகவும், வந்து பாய் கடையில் டிஸ்க்கை வாங்கிக்கொண்டு, அப்படியே சேலைக் கடைக்குப் போய்விடலாம் என்றும் சொன்னார். முதலில் டிஸ்க், பிறகு சேலை. அந்த வரிசையை அவர் இரண்டு தடவை சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது.

கிளம்பும்போது சுமதி கேட் வரை வந்தாள்.

"ஐ.எஸ்.ஓ.வுல எடுத்தீங்களா? அதுல பாட்டு வராதுங்க. பின்னும் கியூவும் எடுக்கச் சொல்லுங்க. பின்னுலதான் சரக்கு எல்லாமே இருக்கும். கியூ சின்னது, எந்தப் பாட்டு எங்க ஆரம்பிக்குதுன்னு எழுதியிருக்கும். ரெண்டும் வேணும்."

"எனக்கும் அதே சந்தேகம்தானுங்க இருந்துச்சு" என்றேன்.

வெள்ளிக்கிழமை ஆபீசில் பர்மிஷன் போட்டுவிட்டு காலை எட்டரைக்கே பழைய டிஸ்க்கோடு பாய் கடைக்குப் போய்விட்டேன். பின்-கியூ என்று ரொம்ப நாள் பழகினவன் மாதிரி சொன்னேன். பாய் மறுபடியும் "சரிங்க சார்" என்றார். இந்தத் தடவை முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

முதல் சிக்கல், இடம். பின் ஃபைல் ஒன்று மட்டுமே அறுநூறு எம்.பி.க்கு மேல் வரும் என்றது கம்ப்யூட்டர். பாயின் ஹார்ட் டிஸ்க்கில் நிரம்பிக் கிடந்ததெல்லாம் மூன்று வருடத்துக் கல்யாணப் பத்திரிகைகள். ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, இவர்களுக்குக் குழந்தை பிறந்துவிட்டது, இனி தேவைப்படாது என்று சொல்லிச் சொல்லி அழித்தார். அரை மணி நேரம் அதிலேயே போனது.

இரண்டாவது சிக்கல், டிஸ்க். ஐ.எஸ்.ஓ. எடுத்தபோது ஒழுங்காகப் படித்த மெஷின் இப்போது பாதியில் நின்று நின்று முனகியது. பாட்டு இருக்கிற பகுதியில்தான் சந்தனம் வைத்திருந்தார் போல. துடைத்துத் துடைத்து மூன்றாவது தடவை எப்படியோ கடைசி வரை போய்விட்டது. சந்தோஷத்தில் சரிபார்க்க இன்னொரு தடவை போட்டோம். இந்த முறை மெஷின் டிஸ்க் இருக்கிறதையே ஒப்புக்கொள்ளவில்லை. நாலாவது, ஐந்தாவது தடவையும் அப்படியே.

ஒரிஜினல் அவ்வளவுதான். இனி மயில்சாமியின் கார் ரேஸ் பாட்டோடு இருக்கிற ஒரே இடம் பாயின் ஹார்ட் டிஸ்க். என் கல்யாணமும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் இருந்தது.

"பயப்படாதீங்க சார், சரக்கு பத்திரமா இருக்குதுங்க" என்று பாய் அந்த இரண்டு ஃபைலையும் காட்டினார். பெரியது பின். பக்கத்தில் ஒரு எம்.பி. கூட இல்லாத, ஒரு கே.பி. சுண்டைக்காய் ஒன்று. அதுதான் கியூ.

பாய் கியூவை நோட்பேடில் திறந்தார். உள்ளே வரிவரியாக ஆங்கிலம். டிராக் ஒன்று, டிராக் இரண்டு, நேரம், நிமிடம். சாதாரண எழுத்து.

இங்கேதான் எங்கள் இருவர் புத்தியும் வேலை செய்ய ஆரம்பித்தது.

பாய் கடையில் ஒரு ஒழுங்கு உண்டு. எழுத்து என்று ஒன்று வெளியே போனால் மேலே தெய்வத்தின் பெயர் இல்லாமல் போகாது. பத்திரிகையோ, பில் புத்தகமோ, மாவு பாக்கெட் லேபிளோ, முதலில் வாடிக்கையாளரிடம் "உ-வுங்களா, எழுநூத்தி எண்பத்தாறுங்களா, சிலுவையுங்களா" என்று கேட்டுக்கொண்டுதான் கீபோர்டில் கை வைப்பார். ஒருவர் நம்பிக்கையில் ஒருவர் குறை வைக்கக் கூடாது என்பது அவர் கொள்கை.

அந்தக் கண்ணோடு கியூ ஃபைலைப் பார்த்தவர், "சார், மேல ஒண்ணுமே போடலீங்களே" என்றார்.

எனக்கு மயில்சாமி ஞாபகம் வந்தது. உரக்கடைக்குக் கொடுக்கிற துண்டுச் சீட்டில்கூடப் பிள்ளையார் சுழி போடுகிற மனிதர். நல்ல காரியத்துக்குப் போகிற டிஸ்க் வேறு.

"போடுங்க பாய். கூடவே காரமடை அரங்கநாதர் துணைன்னும் போடுங்க."

நோட்பேடில் தமிழ் எழுத்து வராது. அதனால் பாய் எண் இரண்டைப் போட்டார். பார்ப்பதற்கு உ மாதிரியே இருக்கும். டைப்ரைட்டர் காலத்திலிருந்தே எங்கள் ஊரில் அந்த இரண்டுதான் பிள்ளையார். அதே வரியில், பக்கத்திலேயே அரங்கநாதர் துணையை ஆங்கில எழுத்தில் அடித்தார். தொழில் பழக்கம் விடாமல், ஸ்பேஸ் தட்டித் தட்டி வரியை நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார். பார்க்க லட்சணமாக இருந்தது.

சேவ் செய்தார். வெற்று டிஸ்க்கைப் போட்டார். எழுது என்று சொன்னார்.

எழுதவில்லை. கியூ ஃபைலில் தவறு, முதல் வரி என்று திரையில் ஒரு பெட்டி வந்து நின்றது.

மறுபடி கொடுத்தார். மறுபடி வந்தது.

பாய் சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம். மணி பத்து முப்பத்தைந்து. எனக்கு விளங்கிவிட்டது. பாய்க்கு ராகு காலத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் எனக்காக, "ஆமாங்க சார், அது போனப்பறமே போடலாமுங்க" என்றார். பன்னிரண்டு மணி வரை இரண்டு பேரும் டீ குடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தோம். நடுவில் அவர் ஒரு கண்ணீர் அஞ்சலி முடித்தார்.

ஆனால் வெள்ளிக்கிழமை அவருக்கும் ஒரு கணக்கு இருந்தது. ஒரு மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு ஜும்ஆவுக்குப் போக வேண்டும். டிஸ்க் எழுத இருபது நிமிடம். ராகுவுக்கும் தொழுகைக்கும் நடுவில் எனக்குக் கிடைத்தது அந்த ஒரு மணி நேரம்தான்.

சரியாகப் பன்னிரண்டு மணி ஒரு நிமிடத்துக்கு எழுது என்றோம்.

தவறு, முதல் வரி.

இப்போது நினைத்தால் எனக்கே கூசுகிறது. மெஷின் வேறெதையும் சொல்லவில்லை. முதல் வரியில் தவறு என்று எழுத்தில், வரி எண்ணோடு சொல்கிறது. முதல் வரியில் இருப்பதோ நாங்கள் போட்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக்கூடப் புரியும். எனக்குப் புரிந்ததெல்லாம் வேறு: சாமியை மாற்றிப் போட்டுவிட்டோம்.

காரமடை அவர்கள் ஊர். எழுதுவதோ கோவையில். மருதமலைதானே நமக்குப் பக்கம்? பாயிடம் சொன்னேன். அவர் அரங்கநாதரை எடுத்துவிட்டு முருகனைப் போட்டு, நடுவில் நிறுத்தினார்.

தவறு, முதல் வரி.

எங்கள் குலதெய்வத்தைப் போட்டோம். பெயர் நீளம் என்பதால் முன்னால் இருந்த ஸ்பேஸைக் கொஞ்சம் குறைத்தார்.

தவறு, முதல் வரி.

மணி பன்னிரண்டு இருபது. என் மூளையில் ஒரு பொறி தட்டியது. கடை யாருடையது? மெஷின் யாருடையது? "பாய், தப்பா நெனைக்காதீங்க. இது உங்க மெஷினு. உங்களுத போட்டுப் பாக்கலாமுங்களா?" என்றேன்.

பாய் தயங்கினார். பிறகு, நான் கேட்டுவிட்டேனே என்பதற்காக, 786 போட்டார்.

அதுவும் தவறு.

அந்த நேரத்தில்தான் எனக்கு முதல்முதலாகச் சந்தேகம் வந்தது. மேலே ஒன்றுமே போடாமல் விட்டால் என்ன? ஆனால் திரையில் இருந்தது அவருடைய எண். அதை எடுங்கள் என்று எந்த வாயால் சொல்வது? சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, அவர் மனம் நோகாதபடி, "ரெண்டையும் சேத்துப் போட்டுருங்க பாய்" என்றேன். அரங்கநாதரும் எழுநூற்று எண்பத்தாறும் ஒரே வரியில் அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள். மெஷினுக்கு அந்த ஒற்றுமையும் பிடிக்கவில்லை.

அப்போது வாசலில் நிழல் விழுந்தது. மயில்சாமியும் சுமதியும்.

"ஆச்சுங்களா தம்பி?" என்று மயில்சாமி செருப்பைக் கழற்றினார்.

"ஆகிட்டே இருக்குதுங்க மாமா" என்றேன்.

சுமதி திரையைப் பார்த்தாள். முதல் வரியைப் பார்த்தாள். தவறு என்று நின்ற பெட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் விவரிக்கப் போவதில்லை.

"ஏனுங்க, கொஞ்சம் எந்திரிங்க" என்று பாயிடம் கேட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். முதல் வரி முழுவதையும் தேர்ந்தெடுத்தாள். டெலிட் அடித்தாள்.

அப்பா கண் முன்னால் அரங்கநாதரை அழித்திருக்கிறாள், பாய் கண் முன்னால் எழுநூற்று எண்பத்தாறை அழித்திருக்கிறாள். பாய் தரையைப் பார்த்தார். மயில்சாமி கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். சம்பந்தம் போனது போனதுதான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

"சாமி பேரை அழிச்சுப்போட்டயா அம்மணி?"

"இதைய மனுசங்க யாரும் படிக்கறதில்லீங்கப்பா" என்றாள் சுமதி. "எந்தப் பாட்டு எங்க இருக்குதுன்னு மெஷின் படிக்கறதுக்கு எழுதுனது. அதுக்குத் தெரிஞ்ச வார்த்தை பத்துப் பதினஞ்சுதான். வேற எது இருந்தாலும் திருதிருன்னு முழிக்கும். சாமி பேரை டிஸ்க்கு மேல பேனாவுல எழுதிக்கலாம்."

எழுது என்று அழுத்தினாள். மெஷினில் பச்சை விளக்கு எரிந்தது. திரையில் ஒரு கோடு மெல்ல நகர ஆரம்பித்தது. மணி பன்னிரண்டு முப்பத்தைந்து.

பாய்க்கு அடக்க முடியவில்லை. "மொதத் தடவையே எனக்குத் தோணுச்சுங்க சார்" என்றார் என்னிடம். "மொத வரில தப்புங்குது. மொத வரில உங்க சாமி இருக்குது. நானு எப்படிங்க எடுங்கன்னு சொல்றது?"

"எனக்கும் எழுநூத்தி எண்பத்தாறு போட்டப்பத் தோணுச்சுங்க பாய். நான் எப்படிச் சொல்றது?"

இரண்டு பேரும் ஒருவர் மனதை ஒருவர் நோகடிக்காமல் அரை நாளைத் தொலைத்திருக்கிறோம்.

அதற்கு மேல் எனக்கு நடிக்கத் தெம்பு இல்லை. காலையிலிருந்து பட்ட பயம் எல்லாம் சேர்ந்து, வெட்கத்தையும் மீறிக்கொண்டு வெளியே வந்துவிட்டது.

"மாமா, எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாதுங்க. டிஸ்பாட்ச் பில்லு போடத் தெரியும். அன்னிக்கு இரைச்சல் அது இதுன்னு சொன்னதெல்லாம் பொய்யிங்க. ஃபார்மேட்டுன்னா என்னன்னே தெரியாதுங்க."

மயில்சாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அது பாட்டில்லாம ஓடுன அன்னிக்கே தெரியுமுங்களே" என்றார்.

"தெரிஞ்சுமா மறுபடி எங்கிட்டயே குடுத்தீங்க?"

"நெம்ப ஆசையா 'நான் பண்ணித் தாரேன்'னு நின்னீங்க. வேண்டாம்னு நான் எப்படிங்க மாப்ள சொல்றது?"

சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். ஆனால் அது ரொம்பச் சின்னக் கடை. நான் கண்ணைத் திரையில் வைத்துக்கொண்டு காதை வாசலில் வைத்திருந்தேன். கோடு பாதி தாண்டியிருந்தது.

"என்ன அம்மணி சொல்றே? சேலைக் கடைக்குப் போலாமா, ஊட்டுக்குப் போலாமா?"

மெஷின் உள்ளே சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. சந்து முனையில் இருந்த மருந்துக்கடைக்கு முன்னால் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அந்த ஆட்டோக்காரரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

"தெரியாதுன்னு ஒத்துக்கிட்டாருல்லங்கப்பா" என்றாள். "மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்."

பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்கு டிஸ்க் வெளியே வந்தது. பாய் அதன் மேல் அழகான கையெழுத்தில் அரங்கநாதர் துணை என்று எழுதி, மை காய ஊதி, மயில்சாமி கையில் கொடுத்துவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு ஓடினார். நாங்கள் சேலைக் கடைக்குப் போனோம். சாயங்காலம் காரமடையில் கார் கிளம்பியதும் பாட்டு தடதடவென்று வந்தது. ராசு எழுந்து நின்றே கேட்டார்.

சுமதி சொன்னபடியே எல்லாவற்றையும் இன்றுவரை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். டிவி ரிமோட்டைத் தொடுவதற்குக்கூட எனக்கு அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது.